வந்த வழியை அழிக்கும் தலேந்தா

தலேந்தா அழித்துக்கொண்டிருக்கிறார். இடது கையில் கொண்டைக்கடலை சூப் கிண்ணம், வலது கை விசைப்பலகையில். டூனிஸ் நகரின் அந்த நிலத்தடிநீர் ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் பொதுவாகப் பெரிய கம்ப்யூட்டர் ஒன்றுதான் உண்டு. அதன் நினைவகத்தில் யார் எதைப் போட்டு வைத்தாலும் காலையில் இவர் கண்ணில் பட்டுவிடும். அழித்துவிட்டுத்தான் கேட்பார்: "இது யாரோடது? வேணுமா?"

ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி. ஸ்ஃபாக்ஸ் ஊர்க்காரர். அந்த ஊர்க்காரர்களைக் கஞ்சர்கள் என்று நாடே கேலி பேசும். மற்றவர்களுக்கு அதில் கோபம், இவருக்குப் பெருமை. புகைப்படம் எடுக்கச் சொன்னால் ஒன்றே ஒன்று எடுப்பார். "கண்ண மூடியிருந்தா அது உன் தப்பு."

போன வாரம் இவரிடம் சிக்கியவர் சக ஆய்வாளர் ஹைக்கல். தெற்கே ஒரு பேரீச்சந்தோப்பில் நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போகிறது. அங்குள்ள ஐந்து கிணறுகளில் எதை மூடினால் தோப்பு பிழைக்கும் என்று வியாழக்கிழமைக்குள் அவர் அறிக்கை தர வேண்டும். ஐந்தில் ஒன்று அவருடைய மாமனார் கிணறு.

நீரோட்டச் சமன்பாட்டுக்கு நேரடி விடை கிடையாது. கம்ப்யூட்டர் ஓர் ஊகம் வைக்கும், பிழையைப் பார்த்துத் திருத்தும், மறுபடி ஊகிக்கும். பிழை தீர்ந்ததும் அந்த விடையிலிருந்து பின்னோக்கிப் போய், எந்தக் கிணறு எவ்வளவு காரணம் என்று பிரித்தறிய வேண்டும். திரும்பிப் போக வழி வேண்டுமே என்று ஹைக்கல் ஒவ்வோர் ஊகத்தையும் சேமித்து வைத்தார். நினைவகம் நிரம்பி, கம்ப்யூட்டர் படுத்துவிட்டது.

"டூனிஸ் வந்து சேர்ந்தவன்கிட்ட எந்தச் சந்துல திரும்பினேன்னு யாராச்சும் கேப்பாங்களா? நிக்கிற எடம் தெரிஞ்சா போதும்ப்பா," என்று தலேந்தா அத்தனையையும் துடைத்தார். கடைசி விடையை மட்டும் வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் ஒரே ஒரு கணக்கைத் தலைகீழாகப் போட்டார். ஐந்து கிணறுகளுக்கும் சேர்த்துப் பதில் வந்தது.

ஹைக்கல் துள்ளினார். "அக்கா, என் மாமனார் கெணத்துல எறைக்க எறைக்க ஊருக்கே தண்ணி ஊறுதாம்!"

"ஏன், அவரு என்ன அற்புதம் பண்ற அவுலியாவா?"

கேட்டுவிட்டு, ஊகிப்பதைக் கம்ப்யூட்டர் எங்கே நிறுத்தியது என்று திறந்து பார்த்தார். பிழை ஓரளவு குறைந்ததுமே நின்றிருக்கிறது. நேரம் மிச்சமாகட்டும் என்று அப்படி நிற்க வைத்தவர் இவரேதான். வந்த வழியை மறக்கலாம், ஆனால் வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

"டூனிஸ்னு சொல்லி ஏத்திட்டு, வழியில க்ரோம்பாலியாலயே எறக்கி விட்டுட்டீங்களே! அந்தக் கொஞ்ச தூரத்துலயும் மிச்சம் புடிக்கணுமா அக்கா?" என்றார் ஹைக்கல். கூடமே சிரித்தது.

தலேந்தா விசைப்பலகைப் பக்கம் திரும்பினார். பிழை அறவே தீரும் வரை ஓடு என்று கட்டளையை மாற்றினார். பாதியில் நிறுத்தக் கை பரபரக்கும் என்று அவருக்குத் தெரியும். இரண்டு கைகளையும் தொடைக்கடியில் திணித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

புதன்கிழமை மதியம் விடை வந்தது. தோப்பை அதிகம் வற்ற வைப்பது மாமனார் கிணறுதான்.

ஹைக்கல் நாற்காலியில் சரிந்தார். "இத நான் எழுதினா பெருநாளுக்கு அந்த வீட்டு வாசப்படிய மிதிக்க முடியாது. எழுதாட்டி தோப்பு போச்சு. இன்னொரு தடவ ஓட்டிப் பாக்கலாமா அக்கா?"

"ஓட்டு, ஓட்டு. எத்தன தடவ ஓட்டினாலும் உன் மாமனார்தான் வந்து நிப்பாரு."

ஹைக்கல் பெருமூச்சு விட்டு அறிக்கையை அடித்து முடித்தார். கீழே தன் பெயரையும் போட்டார். அனுப்பப் போன விரல் அப்படியே நின்றது. தலேந்தா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். ஹைக்கலின் பெயரை எடுத்துவிட்டு, அங்கே தன் பெயரைத் தகப்பனார் பெயரோடும் குடும்பப் பெயரோடும் முழுசாக அடித்து, அனுப்பினார்.