பெட்டரிக்கார நெய்னாரும் பள்ளிவாசல்துறை ஜின்னும்

என்ட கூடப்பிறந்த நானா நெய்னாருக்கு மூக்கு வேலை செய்யாது. இத நான் சொல்லிட்டேன் எண்டு தெரிஞ்சா பாலாவிச் சந்தியில பாதிப் பேர் என்னோட கதைக்க மாட்டாங்க. கதைக்காட்டிப் போகட்டும். அவங்கட பெட்டரிய இவ்வளவு காலமும் மணந்து பாத்தது நான்தானே.

தொண்ணூறில எங்கட சனத்த எல்லாம் ஊர விட்டு விரட்ட, மன்னாரால வள்ளத்தில புத்தளத்துக்கு வந்து இறங்கக்குள்ள நானாவுக்குப் பதினாலு வயசு, எனக்கு ஒம்பது. அகதி முகாமில இருந்துகொண்டே நானா ஒரு பெட்டரிக் கடையில வேலைக்குச் சேந்தார். லொறி, ட்ராக்டர், இறால் பண்ணை மோட்டர் எண்டு எல்லாத்துக்கும் பெட்டரி பாத்துப் பழகி, பிறகு சொந்தமாக் கடை போட்டார். ஒரு நாள் அசிட் கேன் ஒண்டு உடைஞ்சு, அந்தப் புகைய முகம் நிறைய இழுத்திட்டார். மூணு நாள் இருமினார். நாலாம் நாள் அடுப்பில சோறு கருகிக் கரியாகிக் கிடக்கு, மனிசன் பக்கத்தில இருந்து பேப்பர் பாக்கிறார். அப்பதான் எனக்கு விளங்கிச்சு.

"றஹ்மா, ஆருக்கும் சொல்லாத," எண்டார். "மூக்கில்லாத பெட்டரிக்காரனிட்ட ஆர் வருவான்?"

சொல்லல. என்ட மனிசன் மௌத்தாகி, விதவையா நான் சும்மா இருந்த நேரம், கடைக்குப் போய் இருக்கத் தொடங்கினேன். பெட்டரி வந்தா மூடியத் துறந்து துடைக்கிற மாதிரி குனிஞ்சு மணந்து பாப்பேன். உள்ளுக்குக் கெட்டுப்போன பெட்டரி சார்ஜ் ஏறக்குள்ள கொதிக்கும், அழுகின முட்டை மணம் வரும். அப்பிடி வந்தா நான் முக்காட்டு நுனியால வாயப் பொத்துவேன். நானா தூரத்தில நிண்டு அதப் பாத்திட்டு, பெரிய டொக்டர் மாதிரி, "இது முடிஞ்சுது மச்சான், மணமே சொல்லுது" எண்டுவார். நெய்னாரிட மூக்கு மெசின் மாதிரி எண்டு சந்தியில பேர். மெசின் நான். பேர் அவருக்கு. எனக்கு அதில கோபம் இருந்ததுதான், ஏன் மறைப்பான்.

ரெண்டாயிரத்திப் பதினாறில முந்தல் நஜாத் ஒரு சில்லு வைச்ச வீடு வாங்கினான். வாகனத்துக்குப் பின்னால பூட்டி இழுக்கிறது. உள்ளுக்குக் கட்டில், அடுப்பு, கக்கூஸ், எல்லாம் இரிக்கு. பள்ளிவாசல்துறைக்கு அங்கால, வீடு வாசல் இல்லாத கடலோரத்தில அத நிப்பாட்டி, காத்துப் பட்டம் பிடிச்சுக் கடலில ஓட வாற வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடுற எண்ணம். கூரையில சோலார், கட்டிலுக்குக் கீழ பெட்டரிப் பெட்டி.

நானா அவனுக்கு ஒழுங்காச் சொன்னார். "லொறிப் பெட்டரி போடாதீங்க. அது ஒரே இழுவையில குடுத்திட்டுப் படுக்கிற சாமான். வீட்டுக்கு வேண்டியது விடிய விடிய கொஞ்சங் கொஞ்சமாக் குடுக்கிற சோலார் பெட்டரி. ரெண்டு வாங்குங்க, ஒரே நாளில, ஒரே சாதியில. பாதிக்குக் கீழ இறங்க விடாதீங்க. புதுசையும் பழசையும் சோடி சேக்காதீங்க, பழசு புதுசையும் திண்டுரும். பெட்டியிலிருந்து வெளிய போற காத்துக் குழாய மட்டும் அடைக்க வேண்டாம்."

நஜாத் எல்லாத்துக்கும் ஓம் ஓம் எண்டான். புதுசு ஒண்டு வாங்கினான். மற்றதுக்குத் தன்ட லொறியில கழட்டின பழசப் போட்டான். மணல் வருது எண்டு காத்துக் குழாய்க்குள்ள சீலைத்துண்டும் அடைச்சான். சீலைத்துண்டுக் கதை எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

அந்த வீட்டக் காவல் பாத்தது பஸ்தியான். கடலுக்குப் போய் இடுப்பு விட்டுப் போன மனிசன், நாப்பத்தஞ்சு வயசு, பெண்சாதியும் ரெண்டு பெட்டப் புள்ளையளும். வெள்ளைக்காரர் இல்லாத நாளில பகல் சாப்பாட்டுக்குப் பிறகு உள்ளுக்குப் போய்க் கொஞ்சம் சாய்வான்.

அவனுக்குத்தான் முதல்ல பிடிபட்டது. காலையில ஒண்டுமில்ல. வெயில் உச்சிக்கு ஏற ஏற உள்ளுக்கு ஒரு நாத்தம். சுவரில ஒரு வெள்ளைப் பெட்டி, நச்சுப் புகை வந்தாக் கத்துறதாம், அது புகையே இல்லாம கத்தத் தொடங்கும். கதவு துறந்தா நிண்டுரும். விசிறி தானாவே வேகம் பிடிச்சு, பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு ஆரோ கையால பிடிச்ச மாதிரி மெதுவாகும். எங்கட பக்கத்துக் கழுதையள் உங்களுக்குத் தெரியும், நிழல் ஒரு முழம் கண்டாலும் வந்து ஒதுங்கும். அந்த வீட்டு நிழலில ஒரு கழுதையும் நிக்கல. அந்த வெட்ட வெளியில, அவ்வளவு வெயிலில நிண்டு காய்ஞ்சுதுகள்.

இன்னொண்டும் இருந்தது. படுத்தா, கட்டிலுக்குக் கீழ இருந்து ஆரோ தொண்டையில சளி வைச்சுக்கொண்டு மூச்சு விடுற சத்தம். பஸ்தியான் அத நஜாதுக்கும் சொல்லல, எங்களுக்கும் சொல்லல. சிரிப்பாங்க எண்டு வெட்கம். அத மட்டும் சொல்லியிருந்தா நானா அந்த நிமிஷமே பெட்டரி கொதிக்குது எண்டு கண்டுபிடிச்சிருப்பார்.

நஜாத் நானாவைக் கூப்பிட்டான். அதுக்கு முந்தின நாள் கடையில ஆரோ, "ஏன் நானா போற இடமெல்லாம் தங்கச்சியையும் ஏத்திக்கொண்டு திரியிறீங்க?" எண்டு கேக்க, இவர் சிரிச்சுக்கொண்டு, "அவள் வீட்டில சும்மாதானே இரிக்காள், காத்து வாங்கட்டும்" எண்டிட்டார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. காலையில ஆட்டோவில ஏறச் சொல்லக்குள்ள, "நான் சும்மா இருக்கிறவள். மூக்குக்காரர் தனியப் போங்க" எண்டேன். போயிட்டார்.

காலை எட்டு மணிக்குப் பெட்டரிப் பெட்டியத் துறந்திருக்கார். பழசக் கண்டு நஜாத ஏசியிருக்கார். அடுத்த மாசம் மாத்துறேன் எண்டானாம். ரெண்டையும் கழட்டி வெவ்வேறா வைச்சு, அரை நாள் ஆற விட்டு அளந்திருக்கோணும். அப்பிடிச் செய்யாம மீட்டர வைச்சார், கணக்குச் சரி. தொட்டார், குளிர்ச்சி. அப்ப நஜாத் கேட்டிருக்கான், "நேத்தைய நாத்தம் இப்பவும் லேசா இரிக்கு. இது பெட்டரி நாத்தமா, கக்கூஸ் நாத்தமா? உங்கட மூக்குக்குத் தெரியாததா."

நானா குனிஞ்சு நல்லா மூச்ச இழுத்துப் பாத்திட்டு, "பெட்டரி இல்ல" எண்டிருக்கார்.

வந்து எனக்கு அதச் சொல்லக்குள்ள பெருமையாத்தான் சொன்னார். நான் மீன் வெட்டுறத நிப்பாட்டல. பகல் ளுஹர் தொழுதிட்டு வந்து பாத்தா மீட்டரக் காணல. அங்க வைச்சிட்டு வந்திட்டார். நான் நஜாதுக்குப் போன் பண்ணினேன்.

"மீட்டர் இரிக்கு ராத்தா," எண்டான். "நீங்களும் நானாவும் வாங்க, சோறு ஆக்கியிரிக்கு. லெப்பையக் கூட்டிவந்து ஓதினம். நானா சொன்னதுக்குப் பிறகுதான் எனக்குத் தெளிவு வந்தது. பெட்டரியும் இல்ல, கக்கூஸ் தொட்டியக் கழட்டி ஒரு கிழமை எண்டு பஸ்தியான் இப்பதான் சொன்னான். அப்ப நாத்தம் எங்கால வருது? உள்ளுக்கு ஜின் ஒண்டு குடி வந்திட்டு. ஓதி முடிஞ்சுது. இனிக் கதவு, ஜன்னல் எல்லாத்தையும் சாத்தி, மூலைக்கு மூலை சாம்பிராணி காட்டோணும். லெப்பைக்கு முட்டு வருத்தம், புகை ஆகாது, பஸ்தியான்தான் சட்டிய உள்ளுக்குக் கொண்டுபோறான்."

கொதிக்கிற பெட்டரிக் காத்து வெடிக்கும், அதுக்கு மேல நெருப்புக் குச்சி கூடக் கிழிக்கக் கூடாது எண்டு எங்கட கடை வாசலில எழுதியே வைச்சிரிக்கு. பூட்டின வீட்டுக்குள்ள தணல் சட்டி. போனை நானாவிட கையில திணிச்சேன். "சாம்பிராணி கொண்டு போறாங்களாம். கக்கூஸ் தொட்டி அங்க இல்லவே இல்லையாம். சொல்லுங்க."

நானா போனைக் காதில வைச்சார். "நஜாத், நெருப்பு வேண்டாம். நான் வாறேன். இன்னொருக்கா பெட்டரியப் பாக்கோணும்."

போன் சத்தம் எனக்கும் கேட்டுது. பின்னால அந்த வெள்ளைப் பெட்டி கத்துது, இடைவிடாம, புள்ளை அழுற மாதிரி.

"காலையில நீங்களே பெட்டரி இல்ல எண்டீங்க," எண்டான் நஜாத். "நீங்க மணந்து பாத்துத்தானே சொன்னீங்க?"

நானா வாயத் துறக்கல.

"நானா, மணந்து பாத்துத்தானே சொன்னீங்க? ஆக்கள் நிக்கிறாங்க, என்ன சொல்றது?"

நான் அவரிட தோளப் பிடிச்சு உலுக்கினேன். என்னையே பாத்துக்கொண்டு நிக்கிறார். அவ்வளவு நேரத்தில ஒரு ஆள் தணல் சட்டியோட மூணு படி ஏறலாம்.

"எனக்கு மணம் தெரியாது நஜாத்," எண்டார் கடைசியில. "பதினொரு வருஷமாத் தெரியாது. நான் பொய் சொன்னேன். அவன வெளிய எடு."

அதுக்குள்ள நஜாத் போனக் காதிலிருந்து எடுத்து அங்க ஆருக்கோ என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். நானா சொன்னத அவன் கேக்கல. பிறகு ஒரு சத்தம். பெரிய சத்தம் எண்டு சொல்ல ஏலாது. அந்தப் பெட்டி கத்துறது மட்டும் நிண்டு போச்சு.

பஸ்தியான் உயிரோட இரிக்கான். அசிட் கண்ணுக்குள்ள போச்சு. புத்தளத்திலயும் பிறகு கொழும்பிலயும் பாத்தாங்க, ரெண்டு கண்ணும் இல்ல எண்டிட்டாங்க. ஊரெல்லாம் ஒரே கதை. பள்ளிவாசல்துறை ஜின் போகக்குள்ள பெட்டரிய உடைச்சு, பஸ்தியானிட கண்ணையும் எடுத்திட்டுப் போயிட்டாம். பெட்டரியில குறையில்ல எண்டு நெய்னாரே சொன்னாராம், அந்த மூக்குப் பிழைக்காதாம். அந்த மாசம் எங்கட கடைக்கு முந்தியவிடக் கூட ஆக்கள் வந்தாங்க. ஒவ்வொருத்தரும் பெட்டரிய இறக்கி வைச்சிட்டு நானாட மூக்கப் பாப்பாங்க. எனக்கு அந்தப் பார்வையக் கண்டா உடம்பு கூசும். நானா ஒரு பெட்டரியையும் தொடாமத் திருப்பி அனுப்பினார்.

நாப்பது நாளைக்குப் பிறகு நானும் அவரும் பஸ்தியானிட வீட்டுக்குப் போனம். பெண்சாதி கதிரை எடுத்துப் போட்டாள். பஸ்தியான் கட்டிலில நிமிர்ந்து இருந்தான், கண்ணில துணி.

நானா கதிரையில இருக்கல. நிண்டுகொண்டே எல்லாத்தையும் சொன்னார். மூக்கு, நான் மணந்து குடுத்தது, போனில வாய் துறக்காம நிண்டது, எல்லாம். "அது ஜின் இல்ல பஸ்தியான். பழைய பெட்டரி. மற்றது நான். நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்றேன்" எண்டார்.

பஸ்தியான் கண்ணில இருந்த துணிய ஒருக்காத் தடவினான்.

"இல்ல நெய்னார் நானா," எண்டான் பிறகு, மெதுவா. "நீங்க அங்க இருக்கல. நான் சட்டியோட உள்ளுக்குப் போகக்குள்ள அது கட்டிலுக்குக் கீழ இருந்து எழும்பி நிண்டது. எனக்கு நேரா. முகம் இருந்தது. நான் நல்லாக் கண்டேன்."

"பஸ்தியான், அது..."

"வேண்டாம் நானா. இந்த உலகத்தில நான் கடைசியாக் கண்டது அது ஒண்டுதான். அதையும் பெட்டரி எண்டு சொல்லாதீங்க."