பேட்டரியைக் குடித்தது யார்?

ராஜு அண்ணனின் கேம்பர் வேன் மூன்றாவது முறையாக, மலேசியாவின் தெற்குக் கோடியில் தம்போயில் இருக்கும் என் ஒர்க் ஷாப்புக்கு வந்தபோது, நான் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வண்டியைப் பார்த்ததும் பசி போய்விட்டது.

முப்பது வருஷமாக வண்டி வயரிங்தான் என் பிழைப்பு. அந்த வேன் பழைய ஜப்பான் லாரியின் மேல் கட்டியது. உள்ளே அடுப்பு, கட்டில், காற்றாடி எல்லாம் உண்டு. பேட்டரி இரண்டு. முன்னால் இருப்பது இன்ஜினைக் கிளப்ப. பின்னால் இருப்பது விளக்குக்கும் காற்றாடிக்கும்; அதற்குக் கூரையில் சோலார் உண்டு. சாவது எப்போதும் முன் பேட்டரிதான். புதிதாக ஒன்று மாற்றியும் அதே கதை.

"பத்து நாள் நிறுத்தி வெச்சா செத்துப் போகுது தம்பி. பக்கத்து வீட்டு லாரில கேபிள் போட்டுத்தான் ரெங்கத்துல இருந்து ஓட்டிட்டு வந்தேன். சனிக்கிழமை வடக்க கெடாவுக்குப் போவணும், அங்க மக நெற மாசம். இதுக்கு மேல முடியாது லா, வித்துட்டு பஸ்ஸுல போயிடுவேன்" என்றார் அண்ணன்.

அவர் மனைவி சரோஜா அக்காவின் முகம் வாடிவிட்டது. மகளின் அடுக்குமாடி வீட்டில் ஒரே ஓர் அறை. வேனைக் கீழே நிறுத்தி, ஒரு மாதம் அதிலேயே தங்கிப் பத்தியம் சமைத்துக் கொடுக்க நினைத்திருந்தார். ஜன்னலுக்குப் புதுத் திரைகூடத் தைத்து மாட்டியிருந்தார். அந்த முகத்தைப் பார்த்து என் வாய் சும்மா இருக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை சாவி உங்க கையில அக்கா. இல்லன்னா என் பேர மாத்திக்கிறேன்."

தினமும் காலையில் வேனின் டேஷ்போர்டில் இருந்த முருகன் படத்தையும் அதன் முன் எரிந்த சின்னச் சிவப்பு பல்பையும் கும்பிடுவேன். "திருடனைக் காட்டிக் கொடுப்பா" என்று கேட்டுவிட்டு மீட்டரை மாட்டுவேன். பியூஸ் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். கரண்ட் போய்க்கொண்டே இருந்தது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் பார்த்தேன். அது நல்ல பிள்ளை. வியாழக்கிழமை பின் பேட்டரியையும் கழற்றித் தரையில் சார்ஜில் போட்டேன். மீட்டர் காட்டிய அளவு அப்போதும் குறையவில்லை. பேட்டரி விற்றவனைத் திட்டினேன், ஜப்பான்காரனையும் விடவில்லை.

வெள்ளிக்கிழமை காலையிலேயே இருவரும் பஸ்ஸில் வந்துவிட்டார்கள். அண்ணன் நேராகத் தே தாரிக் டீ குடிக்கப் போனார். அக்கா வேனுக்குள் எட்டிப் பார்த்தார்.

"கீழ கெடக்குறது எந்த பேட்டரி தம்பி?"

"பின்னாடி உள்ளதுக்கா. வெளக்கு, ஃபேன் எல்லாம் அதுலதான் ஓடும்."

"அப்ப முருகன் வெளக்கு எப்படி எரியுது?"

பல்பின் வயரைப் பிடித்துக்கொண்டே போனேன்; அது முன் பேட்டரியில் போய் முடிந்தது. அந்த பல்பை மாட்டியதே நான்தான். அணையாமல் எரிய வேண்டும் என்று அக்கா கேட்டிருந்தார். சோலார் இருக்கிற பின் பேட்டரியிலிருந்துதான் வயர் இழுக்க வேண்டும். மாட்டிய அன்றைக்கு நல்ல மழை, கடை சாத்தும் நேரம். முன் பேட்டரி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. பியூஸ் பெட்டிக்குப் போகாமல் நேராக அதிலேயே கொடுத்துவிட்டு, அடியோடு மறந்தும் போனேன்.

வயர் நைந்துவிட்டது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அண்ணன் திரும்பி வந்ததும் உள்ளதைச் சொன்னேன். வெட்கமாக இருந்தது.

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அலமாக்! மூணு நாளா திருடனையே கும்பிட்டுட்டு திருடனத் தேடுனியா?"

அக்கா சிரிக்கவில்லை. "முருகன ஏன் திருடன்னு சொல்றீங்க? வயரப் போட்ட கை யாரோடது?"

மதியத்துக்குள் பல்பைப் பின் பேட்டரிக்கு மாற்றிச் சாவியைக் கொடுத்தேன். கெடா போய்ச் சேர்ந்து பத்து நாள் கழித்து அண்ணன் போன் செய்தார். மருமகன் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் மகளுக்கு வலி எடுத்ததாம். பத்து நாளாக நின்றிருந்த வேனில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்களாம்.

"ஒரே திருப்புதான் தம்பி, கெளம்பிடுச்சி! பேத்தி பொறந்திருக்கா!"

கடையில் நின்றுகொண்டே சத்தமாகச் சிரித்தேன். என் பெயரும் பிழைத்தது. வயரிங் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பழுது பார்த்த வண்டி திரும்பி வந்தால், முதலில் நீங்கள் கை வைத்த இடத்தைத் திறந்து பாருங்கள்.