மாமாவுக்குச் சொல்லாத சேதி

பெண்கல்வியைப் பற்றி நான் மேடையில் பேசத் தொடங்கிய காலத்தில் எங்கள் சங்கக் கூட்டத்துக்கு ஒரு பெண்கூட வந்ததில்லை. அவர்களெல்லாம் வீட்டில் கூட்டத்துக்கான பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். மலாயாவுக்கு மெர்டேக்கா என்ற சுதந்திரம் கிடைத்த புதிது. மலாக்காவில் வாய் உள்ளவனெல்லாம் பேசினான். எனக்கு வாய் மட்டும்தான் இருந்தது. பகலில் மளிகைக் கடையில் கணக்கெழுதும் கிராணி, சாயங்காலம் சமூகச் சீர்திருத்தம்.

ஒருமுறை நான் பேசி முடித்ததும் தாய்மாமாவே மேடையேறி மாலை போட்டார். அவர் கட்சிக்காரர். சுதந்திரத்தன்று பாடாங் திடலில் 'மெர்டேக்கா' என்று கத்தி ஒரு வாரம் தொண்டை கட்டிக் கிடந்தவர். தன் மகள் ஆளானதும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியவரும் அவர்தான். இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. மாலை வாசனையில் எனக்கும் தோன்றவில்லை.

அப்பா போனபிறகு காஜா பெராங் பகுதியில் எங்கள் வீட்டில் அம்மா, நான், தங்கை மூன்றே பேர். தங்கை இங்கிலீஷ் பள்ளியில் ஆறாம் வகுப்பு. அந்த வருடங்களில் ஆறாம் வகுப்பு முடிவில் அரசாங்கப் பரீட்சை ஒன்று வைத்து வடிகட்டினார்கள். தேறினால் மேலே படிக்கலாம், இல்லாவிட்டால் வீடு. மறுபடி எழுத வாய்ப்பில்லை. பரீட்சை திங்கட்கிழமை. அதற்கு முந்தின வியாழக்கிழமை தங்கை பெரியவளானாள்.

முறைப்படி அப்போதே மாமாவுக்குச் சேதி போகவேண்டும். அவர் தென்னை ஓலையில் குடிசை கட்டுவார். பதினாறு நாள் அவள் அதற்குள் இருக்கவேண்டும். ஆண் முகம் பார்க்கக் கூடாது. பரீட்சைத் தாள் முகமும்தான். அதற்குப்பின் மாமா மகன் இருந்தான். லோரி ஓட்டினான். நாலாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டவன். அவனைவிடப் படித்த மருமகள் மாமாவுக்கு வேண்டியதில்லை.

மத்தியானச் சோற்றுக்கு வந்த என்னை அம்மா அடுப்படிக்குள் இழுத்துச் சொன்னாள்.

"உங்க மாமாவுக்குச் சொல்லாத வரைக்கும் அவ இன்னும் ஆகல."

"அதெப்படிம்மா?"

"அவரு வந்து குடிசை கட்டினாத்தான் கணக்கு. திங்கக்கிழமை எழுதிட்டு வரட்டும், சொல்லுவோம். நீ வாயைத் திறக்காம இருக்கணும். அதான் எனக்குப் பயமா இருக்கு."

எனக்கும் அதுதான் பயம்.

அம்மா சீர்திருத்தக்காரி அல்ல. தீட்டை முழுமனதாக நம்பியவள். தங்கையின் தட்டைத் தனியே வைத்தாள். சாமி விளக்கை ஏற்றவில்லை. பெண்ணுக்காக அவள் ஏமாற்றத் துணிந்தது அண்ணனை மட்டுமல்ல.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார்.

"பசியாறிட்டீங்களாண்ணே?" என்றாள் அம்மா. குரல் சரியாகத்தான் இருந்தது. மாமா நாற்காலியில் சாய்ந்து, கட்சி, தேர்தல், நம்ம நாடு என்று பேசிக்கொண்டே வந்தவர், சாமி மாடத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"ஏன் விளக்கு ஏத்தல?"

"எண்ணெய் தீந்துபோச்சுண்ணே."

"மளிகைக் கடை கிராணி வீட்டுல எண்ணெய் இல்லையா?"

"உலகத்தைத் திருத்துற வேலையில மறந்துட்டேன் மாமா," என்றேன்.

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன், கொஞ்சம் அதிக நேரம். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் சட்டென்று வாயை மூடினேன்.

"பாப்பா, மாமாவுக்குத் தண்ணி கொண்டா," என்று மாமா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"நான் கொண்டாரேண்ணே," என்று அம்மா எழுந்தாள்.

"நீ உக்காரு. மருமக கையால குடிக்கிறேன்."

தங்கை செம்போடு வந்தாள். தலை நிமிரவில்லை. மாமா வாங்கி அண்ணாந்து குடித்தார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தொண்டை ஏறி இறங்குவதை நான் பார்த்தேன். அவ்வளவு மெதுவாகத் தண்ணீர் குடிக்கும் மனிதரை அதற்குப்பின் நான் கண்டதில்லை.

"நாளைக்குத்தானே பரீட்சை? எழுது, எழுது. ஆளாகிற வரைக்கும்தானே," என்று செம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் தங்கையை என் சைக்கிளில் ஏற்றிப் பள்ளி வாசலில் விட்டேன். அவள் பாவாடை மடிப்பில் அம்மா ஒரு இரும்பு ஆணியை முடிந்து விட்டிருந்தாள், காத்துக் கருப்பு அண்டாதிருக்க. அன்று கடையில் நான் போட்ட கூட்டல் எதுவும் சரியாக வரவில்லை. மத்தியானம் அழைத்து வந்தபோது, "எழுதிட்டேண்ணே," என்றாள்.

மாமாவுக்குச் சேதி கொண்டுபோக அம்மா தட்டில் சர்க்கரையும் வெற்றிலையும் வைத்து என்னிடம் நீட்டினாள்.

"எப்ப ஆச்சுன்னு மாமா கேட்டா?"

"இன்னிக்குன்னு சொல்லு."

"பொய்யாச்சேம்மா."

"மேடையில பேசுறப்போ கூச்சப்பட்டியா?"

உஜோங் பாசிரில் மாமா வீடு. வாசலில் லோரி நின்றது. மாமா தட்டை வாங்கிக்கொண்டார். உட்காரச் சொல்லவில்லை.

"எப்ப?"

"இன்னிக்கு மாமா. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும்."

"பரீட்சை முடிஞ்சப்புறம்."

"ஆமா மாமா."

"முடியட்டும்னு காத்திருந்து வந்திருக்கு."

அவ்வளவு நல்ல வேடிக்கைக்குச் சிரிக்க முடியாமல் போனது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். மாமா சர்க்கரையைக் கிள்ளி நாக்கில் போட்டுக்கொண்டார்.

"நேத்து உங்க அம்மா என் முகத்தைப் பாக்கவே இல்லை," என்றார். பிறகு உள்ளே திரும்பி மகனிடம், "ஓலை வெட்டுடா. அத்தை வீட்டுக்குப் போகணும்," என்றார்.

சாயங்காலம் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் அவரே குடிசை கட்டினார். அம்மா ஓலை எடுத்துக் கொடுத்தாள்.

"பதினாறு நாள் என் கணக்கு," என்றார் அவளைப் பார்க்காமல்.

"சரிண்ணே."

"அதோட படிப்பு போதும்."

அம்மா அடுத்த ஓலையைக் கொடுக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"பாஸ் பண்ணினா அனுப்புவேண்ணே."

மாமா நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. நான் எதையாவது சொல்லிச் சிரிக்கவைக்கலாமென்று பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. கடைசியில் அவரே குனிந்து தரையில் கிடந்த ஓலையை எடுத்துக் கட்டினார்.

தங்கை தேறினாள். ஜனவரியில் புதுச் சீருடையில் மேல்பள்ளிக்குப் போனாள். அந்த மாதம் பொங்கலுக்கு மாமா வரவில்லை. அவருக்கென்று அம்மா மூடி வைத்திருந்த பொங்கலை, கெட்டுப்போகும் என்று சொல்லி, சாயங்காலம் நான்தான் சாப்பிட்டேன்.