மரவள்ளி நேர்ச்சையும் என் இடது காலும்

போன தவக்காலம் தொடங்கும்போது என் இடது கால் சுண்டுவிரல் கறுத்துப்போயிருந்தது. இனிப்பு நீர் வியாதி. கறுப்பு பாதத்துக்கு ஏறினால் காலை எடுக்கவேண்டியதுதான் என்று புண்ணுக்கு மருந்து கட்டுகிற ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் சொல்லிவிட்டார். சீனியை விடு, சோற்றைக் குறை, மீன், முட்டை, கீரை சாப்பிடு என்றார். பயத்தில் எனக்குச் சீனி மட்டும்தான் காதில் விழுந்தது.

நான் மூணாம் வகுப்போடு நின்றவள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கிறேன். வீட்டுக்காரருக்குத் தண்டவாள வேலை. எதற்கெடுத்தாலும் பயப்படுகிற சுபாவம் எனக்கு. அன்றே மாதா சுரூபத்துக்கு முன்னால் நேர்ச்சை வைத்தேன்: "பாஸ்குத் திருநாள் வரைக்கும் கவிச்சி தொடமாட்டேன் தாயே, என் காலை விட்டு வை."

சீனியையும் விட்டேன், மீனையும் விட்டேன். கஞ்சியும் அவித்த மரவள்ளியும்தான். நாக்கில் இனிப்பே படவில்லை. ஆனாலும் கறுப்பு விரலடி வரை ஏறியது.

மறுபடி போனேன். டிரெஸ்ஸர் என் சிறுநீரை நீல மருந்தோடு காய்ச்சினார். செங்கல் நிறமாக மாறியது, உடம்பில் சீனி ஏறிக் கிடக்கிறது என்று அர்த்தம்.

"என்னம்மா திங்கிறே?"

"கஞ்சியும் மரவள்ளியும்தாங்க ஐயா. சீனி தொடுறதே இல்ல."

"அதுக்கு நீ சீனியையே தின்னிருக்கலாம். ரெண்டும் உள்ள போய் சீனியாத்தான் மாறுது. மீன் வாங்கித் தின்னு."

"நேர்ச்சை இருக்குதுங்க."

"அப்ப காலையும் சேர்த்து நேர்ந்து விட்டுடு."

உனக்காகத்தானே காய்ந்து கிடந்தேன், என் காலையா கேட்கிறாய் என்று மாதாவிடமே சண்டை போட்டேன். நேர்ச்சையை முறித்தால் வீட்டுக்காரர் ரயிலில் அடிபட்டுவிடுவாரோ என்று வேறு பயம். பக்கத்து வீட்டு சவரியம்மா அக்கா, "என்ன பாவமோ, காலைப் பிடிக்குது" என்று என் காதுபடவே சொன்னாள்.

நொண்டிக்கொண்டு கோவிலுக்குப் போனேன். ஒரு வழி காட்டு, இல்லாவிட்டால் என்னை எடுத்துக்கொள் என்று அழுதேன். அழுகை கேட்டு பங்குச் சாமியார் வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"மாதா உன்கிட்ட மரவள்ளி கேட்டாளா?" என்றார்.

"இல்ல சாமி."

"நேர்ச்சையை மாத்திக் குடுக்க எனக்கு அதிகாரம் இருக்கு. மீனைத் தின்னு. கஞ்சியையும் மரவள்ளியையும் விடு. இனி அதுதான் உன் நேர்ச்சை."

எனக்குச் சந்தோஷம் வரவில்லை, அவமானமாக இருந்தது. இத்தனை நாள் பட்டினி வீணா? ஆனாலும் கீழ்ப்படிந்தேன். ஒரு பிடி சோறு, நிறையக் கீரை, பச்சைப் பயறு, புளி ஊற்றிய மீன். டின் பால் கலந்த இனிப்புக் காப்பியை முன்பே விட்டிருந்தேன். "நேர்ச்சையை முறிச்சவ வீட்டு மீன் நல்லா மணக்குது" என்றாள் அக்கா. நான் இன்னொரு துண்டு மீனை எடுத்துத் தின்றேன்.

கொஞ்சம் கொஞ்சமாகச் செங்கல் நிறம் பச்சையானது. கறுப்பு பாதத்துக்கு ஏறவில்லை. விரலை மட்டும் எடுத்தார்கள். முழுக் காலையும் கேட்ட எனக்கு ஒரு விரல் குறைத்துத்தான் கிடைத்தது. அந்தக் கசப்பு இன்னும் போகவில்லை. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கால் இருக்கிறது. ஆண்டவருக்குத் தோத்திரம்.

உங்களில் யாருக்காவது இந்த வியாதி இருந்தால், வாயைக் கட்டுமுன் எதைக் கட்டுவது என்று டிரெஸ்ஸரிடம் கேளுங்கள். பிறகு முழங்காலில் நில்லுங்கள். நமக்குக் கேட்கப் பிடிக்காத வார்த்தையில்கூட மாதா பதில் தருவாள். என் காலை விட்டு வைத்தாள், பயத்தை எடுக்கவில்லை. பயத்தோடேயே நடந்து பூசைக்கு வருகிறேன். நீங்களும் வாருங்கள்.