சாகாது என்று சொன்னவர்

சுவாமிநாதன் ராசிபுரத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளை. எழுபதுகளின் கடைசியில், நாமக்கல்லைச் சுற்றியுள்ள ஊர்களில் கோழிகளுக்குத் தடுப்பூசி போடும் வேலை பார்த்தார். ஊசி போடுவதைவிட, அது எதற்கு என்று ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்வதில்தான் அவருக்கு ஆசை அதிகம். கோழிகளைக் கொல்லும் வெள்ளைக்கழிச்சல் நோய் கண்ணேறு பட்டு வருவதில்லை, கண்ணுக்குத் தெரியாத கிருமியால் வருகிறது என்று ஊர் ஊராகப் போய்த் தொண்டை வற்றப் பேசினார்.

உள்ளதை உள்ளபடி சொன்னது எடுபடவில்லை. "ஊசி போட்டாப் பெரும்பாலும் தப்பிச்சிரும். முன்னமே கிருமி புகுந்த கோழியை மட்டும் காப்பாத்தாது" என்று அவர் முடித்ததும், பண்ணைக்காரர் சின்னண்ணன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"உங்களுக்கே ஒறப்பில்லீங்க. நாங்க என்னத்தெ நம்பிப் போடறதுங்க?"

கூட்டமும் அவர் பின்னாலேயே போய்விட்டது. அந்தக் கோடையில் அந்த ஊர்க் கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன.

சுவாமிநாதனுக்கு மனசு ஆறவில்லை. அடுத்த ஊரில் சுற்றி வளைக்காமல், "ஊசி போட்டா ஒரு கோழியும் சாகாது" என்றார். சொல்லும்போது நாக்குக் கூசியது. ஆனால் ஜனம் வரிசையில் நின்றது.

முன்னால் நின்றவள் ராமாத்தாள். புருஷன் போன பிறகு எருமையை விற்றுக் கோழி வாங்கியவள். அவள் கோழிகளில் ஒன்றிரண்டு சுணங்கிக் கிடந்ததை அவர் பார்த்தார். இவற்றுக்கு வேண்டாம் என்றால் பின்னால் நிற்பவர்கள் கலைந்துவிடுவார்களே என்று பயந்து, ஊசியைப் போட்டார்.

அந்த வாரத்துக்குள் அவள் கொட்டகை காலியானது.

"ஏனுங்க, ஒண்ணுங்கூடச் சாகாதுன்னீங்களே?" ராமாத்தாள் குரலை உயர்த்தவில்லை.

"முந்தியே நோய் புகுந்திருச்சும்மா. ஊசி புடிக்கறதுக்கு நாளாகும்..."

"அதெ அன்னைக்கே சொல்றதுக்கென்னங்க?"

அவர் ஊசிப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஊசி போட்ட மற்ற வீட்டுக் கோழிகள் நன்றாகத்தான் இருந்தன. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. ஊசிதான் நோயைக் கொண்டுவந்தது என்று பேச்சுப் பரவியது. மறுவருஷம் அவர் சைக்கிளைக் கண்டதும் படலைச் சாத்தினார்கள். நோய் வந்து பாதிக் கோழிகளை வாரிக்கொண்டு போனது. அப்போதும் எவரும் அவரைக் கூப்பிடவில்லை.

ராமாத்தாள் அடுத்தவர் பண்ணைக்கு முட்டை பொறுக்கப் போனாள். ஒருநாள் வழியில் அவளைக் கண்டு சுவாமிநாதன் சைக்கிளை விட்டு இறங்கினார்.

"எனக்கு நேரமாச்சுங்க" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.