அப்பா ஏறாத வண்டி

எங்கள் குடும்பத்தில் இரண்டு வெள்ளைக் கார்கள். அப்பாவின் காரில் நம் நாட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் கம்பெனிப் பெயர். என் வீட்டுக்காரர் வாங்கியதில் உலகமெல்லாம் ஓடும் பெயர். இரண்டையும் ஒரே தொழிற்சாலையில் செய்து, முன்னால் வேறு வேறு சின்னம் ஒட்டி அனுப்புகிறார்கள். திண்டுக்கல்லில் டீக்கடை வரைக்கும் தெரிந்த சங்கதி. அப்பா மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

“நம்ம வண்டிய எந்தப் பட்டிக்காட்டுலயும் தட்டி ஓட்டிரலாம். அதுல ஒரு நட்டு கழண்டா கப்பல்லதான் வரணும்” என்பார்.

எங்கள் காரில் ஒருநாளும் ஏறியதில்லை. வத்தலக்குண்டில் சொந்தக்காரப் பிள்ளைக்குச் சர்ச்சில் புதுநன்மை, விருந்து என்றாலும், நாங்கள் முன்னால் போக, தன் வண்டியில் பின்னாலேயே வருவார். எனக்கு ஆத்திரமாக வரும். ஒரே ஒரு தடவை எங்களோடு உட்கார்ந்து வரமாட்டாரா என்று ஏக்கமாகவும் இருக்கும். அம்மா எந்தக் கட்சியிலும் சேரவில்லை. சின்னாளபட்டியில் சுங்குடித் துணி எடுத்து, இரண்டு வண்டிக்கும் ஒரே மாதிரி சீட் உறை தைத்துப் போட்டுவிட்டார்.

போன மாதம் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். ஒரு கண்ணில் கட்டு, மற்றதும் மங்கல், அதற்கு மேல் கறுப்புக் கண்ணாடி. ஆஸ்பத்திரி வாசலில் என் வீட்டுக்காரர் எங்கள் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

“நம்ம வண்டிதான?”

“ஆமா, ஏறுங்க” என்றார், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகும் என் அம்மா.

கையில் சுங்குடி பட்டதும் அப்பா நிம்மதியாகச் சாய்ந்தார். வழியெல்லாம் புகழாரம். “பள்ளம் தெரியுதா பாத்தீகளா மாப்ள? இதான் நம்ம வண்டி!” என் வீட்டுக்காரர் உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டினார்.

வீட்டில் இறங்கியவர், போர்ட்டிகோவில் நின்ற தன் வண்டியின் மேலேயே மோதப் பார்த்தார். அதைத் தடவினார். திரும்பி எங்கள் வண்டியைத் தடவினார்.

“ரெண்டும் ஒண்ணுதான்னு எனக்குத் தெரியாதாக்கும்?” என்றார், மெதுவாக. “வண்டி எடுக்கப் போறோம்னு ஒரு வார்த்தை கேட்டீகளா? நானும் ஒரு மனுசன் இருக்கேன்ல?”

எனக்கு அழுகை முட்டியது. ஒரு வார்த்தைக்கா இவ்வளவு பெட்ரோல்!

என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். “மாமா, இத குடுத்துட்டு வேற எடுக்கலாம்னு பாக்குறேன். எந்தக் கம்பெனி எடுக்கலாம்?”

அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “எதை எடுத்தா என்ன மாப்ள? உங்க இஷ்டம்.”

சொல்லிவிட்டு எங்கள் காரின் இடதுபக்க முன்கதவைத் திறந்தார். “வாங்க, தாடிக்கொம்பு வரைக்கும் செத்த நேரம் போயிட்டு வருவோம்.”

“கண்ணுல கட்டோடயா?” என்று அம்மா கத்தினார். அப்பா அதற்குள் பெல்ட்டை மாட்டியிருந்தார்.