பச்சைத் தலை மணப்பெண்

வாடிக்கைக்காரி தலையில் சுற்றி வந்த துண்டை அவிழ்ப்பதற்கு முன் அழகு நிலையக்காரி யோகாஸ்டா சிலுவைக் குறி போட்டுக்கொள்வாள். அவிழ்த்ததும், "எல்லாரும் வந்து பாருங்கடி!" என்று கூவுவாள். துயரத்தில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் சாந்தோ தொமிங்கோ நகரில் எங்கே கிடைக்கும்?

அவள் கடைக்குப் புதிதாகச் சாயம் பூசிக்கொள்ள வருகிறவர்கள் குறைவு. வேறெங்கோ பூசிக்கொண்டு அழுதபடி வருகிறவர்களே அதிகம். மற்ற அழகு நிலையங்கள் நன்றாக நடக்க வேண்டுமென்று ஞாயிறு தவறாமல் மெழுகுவத்தி ஏற்றுகிறாள். அவ்வளவு நல்ல மனது. கொண்டை ஊசிகளைப் பல்லில் கவ்விக்கொண்டே ஊரைத் திட்டுவாள். ஓர் ஊசிகூடக் கீழே விழாது.

போன சனிக்கிழமை காலை நெரெய்தா வந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், கணவனை இழந்தவள். அன்று மாலை மாதா கோயிலில் அவளுக்கு மறுமணம். எதிரில் அழகு நிலையம் நடத்தும் பெல்கிஸ், முந்தின நாள் நெரெய்தாவின் மஞ்சளாக வெளுத்த முடியின் மேல் சாம்பல் சாயத்தை ஏற்றியிருந்தாள். துண்டை அவிழ்த்தால் கிளிப்பச்சை.

"தங்கமே, பாதிரியார் மோதிரத்துக்குப் பதிலா கூண்டு எடுத்துட்டு வரப்போறாரு" என்றாள் யோகாஸ்டா.

கடையே சிரித்தது. நெரெய்தா கண்ணாடியைப் பார்க்கவில்லை. "இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்னு என் மக கேட்டா. இப்படியே போய் நின்னா அவ சொன்னதுதான் சரின்னு ஆயிடும்" என்றாள்.

யோகாஸ்டா சிரிப்பை நிறுத்தினாள், வாயை நிறுத்தவில்லை. "உன் மகளுக்கு வயித்தெரிச்சல். பச்சையைச் செம்புதான் அடக்கும். தலையைச் சாய்!" செம்பு நிறச் சாயத்தைக் குழைத்து இழை இழையாகப் பூசினாள். பூசியபடியே பெல்கிஸின் மூன்று தலைமுறையையும் விசாரித்து முடித்தாள். அலசியபோது பச்சை போய், முடி தேன் நிறத்துக்கு வந்திருந்தது. முடியை உருளைகளில் சுற்றி, அவளை உலர்த்தியின் கீழ் உட்காரவைத்தாள். உடனே மின்சாரம் போயிற்று. எங்கள் பேட்டையில் எந்தக் கல்யாணத்துக்கும் விழும் முதல் மொய் அதுதான்.

அந்த நேரம் பார்த்து பெல்கிஸ் வாசலில் வந்து நின்றாள். "அக்கா, முடி சரியாயிடுச்சா? ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லக்கா."

"வாங்க ஓவியரே! அடுத்து யார் தலையில தோட்டம் போடப் போறீங்க?"

பெல்கிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். யோகாஸ்டா சாயப் பெட்டியின் அட்டையை இரண்டாகக் கிழித்தாள். ஒரு பாதியை பெல்கிஸின் கையில் திணித்துவிட்டு, மறுபாதியால் நெரெய்தாவின் ஈரத் தலைக்கு விசிறத் தொடங்கினாள்.